பாடமும் பந்தியும்

திரிகூட மலையிலே பிறந்து, குற்றாலத்துப் பாறைகளிலே குதித்து, தென்காசி வழியே நடந்து, கடைசியில் தாமிரபரணியோடு கலக்கிறது சிற்றாறு. அருவியிலே தலையை நீட்டுபவனை, நீ எந்தக் குலம் என்று தண்ணீர் கேட்பதில்லை. ஆனால் அந்த ஆறு பாயும் நெல்லைச் சீமையிலே, எழுத்துக் கற்க வந்த சிறுவனைப் பார்த்து அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டார்கள். விடை சரியாக இருந்தால் ஏடு கிடைத்தது. இல்லையேல் ஏர் கிடைத்தது, அல்லது பனையேறும் தளைநார் கிடைத்தது.

இந்தச் சீமைக்குள் கிறித்தவப் பாதிரிமார் பள்ளி திறந்த வரலாற்றை இருவேறு குரலில் பேசுவோர் உண்டு. "அவர்கள் வந்திராவிட்டால் நமக்கு எழுத்தே இல்லை" என்பார் ஒருவர். "மதம் மாற்ற விரித்த வலையன்றி வேறென்ன?" என்பார் மற்றொருவர். பகுத்தறிவுத் தோழர்களுக்கு இரண்டும் போதா. புகழ்வதற்கோ பழிப்பதற்கோ முன்பு மூன்று கேள்விகளைக் கேட்போம். அந்தப் பள்ளிகளில் என்ன கற்பித்தார்கள்? எப்படிக் கற்பித்தார்கள்? யாரை யாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்? மூன்றாவது கேள்வியைப் பாடத்திட்டம் எழுதுவோர் மறந்துவிடுவர். ஆசிரியத் தொழிலில் அடியெடுத்து வைத்திருக்கும் நாம், அதைத்தான் முதற் கேள்வியாகக் கருதுகிறோம்.

திண்ணையும் மணலும்

பாதிரிமார் வருமுன் இங்கே பள்ளியே இல்லை என்பது பொய். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்க ஆணையிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. 1,88,650 மாணவர்கள் படித்தனர். தமிழ் மாவட்டங்களில் படித்தவர்களில் பெருந்தொகையினர் பார்ப்பனர் அல்லாதார் என்பதையும் அந்தக் கணக்கு காட்டுகிறது. வசதிக்காக வரலாற்றை மறைப்பது நமக்கு அழகன்று; எனவே இதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் மக்கள் தொகை ஒரு கோடியே 28 இலட்சத்துக்கு மேல்! அந்தப் பெருங்கூட்டத்திலே எழுத்தறியச் சென்ற பெண்கள் மிகச் சிலர். சேரியின் பிள்ளைக்குத் திண்ணை எட்டாத உயரம்.

திண்ணைப் பள்ளியின் பாடம் என்ன? மணலிலே விரல் தேய எழுதிய அரிச்சுவடி. பிறகு எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றை வேந்தன், நிகண்டு. அத்தனையும் மனப்பாடம். மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக நின்று முறை சொல்வான். இளையவர் கூட்டாகத் திருப்பிச் சொல்வர். இந்த முறையை ஏளனம் செய்வோர் ஒன்றை அறிய வேண்டும். 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அனாதை விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தரும் முறையைத் தம் விடுதியிலே நடத்தினார். 1797இல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். 'சென்னை முறை' என்ற பெயரால் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்குப் பரவியது. பின்னர்ப் பாதிரிமாரோடு கப்பலேறி இந்தியாவுக்கே திரும்பி வந்தது. நமது திண்ணை சீமைக்குப் போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தது என்றால் தவறில்லை.

அப்படியானால் மிஷன் பள்ளி புதிதாகக் கொண்டுவந்தது எது? முறை அன்று; ஆளும் பொருளும்.

பாளையங்கோட்டைப் பள்ளி

தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு இறங்கிய நாளிலிருந்தே சீர்திருத்தக் கிறித்தவர் தமிழிலே பள்ளி நடத்தினர். நெல்லைச் சீமையில் அந்த வேலைக்கு உரம் சேர்த்தவர் ரேனியஸ். பிரசிய நாட்டிலே 1790இல் பிறந்தவர். 1814இல் சென்னைக்கு வந்தவர். 1820இல் பாளையங்கோட்டையில் குடியேறியவர். 1838இல் அங்கேயே மாண்டவர். தமிழைத் திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் பாடங்கேட்டு, தமிழுக்கே இலக்கணம் எழுதும் அளவுக்குத் தேர்ந்தவர்.

அவர் காலத்திலும் அவருக்குப் பின்னரும் நல்லூர், சுரண்டை போன்ற தென்காசிப் பக்கத்து ஊர்கள் மிஷன் நிலையங்களாயின. ஓலைக் கூரையின் கீழே ஞாயிற்றுக்கிழமை செபம், மற்ற நாளிலே அரிச்சுவடி. ஊருக்கு ஊர் உபதேசியாரே வாத்தியார். வினாவும் விடையுமாக அமைந்த ஞானோபதேசம், விவிலிய வாசிப்பு, தமிழ் எழுத்து, கணக்கு, பெண்பிள்ளைகளுக்குத் தையல். இவற்றோடு வந்து சேர்ந்தது பூமி சாஸ்திரம்!

1832இல் ரேனியஸ் தமிழிலே 'பூமி சாஸ்திரம்' என்ற நூலை வெளியிட்டார். பூமியின் வடிவம், கண்டங்கள், நாடுகள் ஆகியவற்றைத் தமிழ் மாணவன் தமிழிலேயே படித்தான். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! உப்புக்கடல், கருப்பஞ்சாற்றுக் கடல், தயிர்க்கடல், பாற்கடல் என்று கதை கேட்டு வளர்ந்த நாட்டிலே, பனைத்தொழிலாளியின் மகன் ஒருவன் நிலப்படத்தின் மேல் விரலை வைத்து, "பாற்கடல் எங்கே?" என்று கேட்கும் வாய்ப்பைப் பெற்றான். புராணத்தின் வேரிலே வெந்நீர் ஊற்றுவதற்கு ஒரு நிலப்படம் போதும்.

ஆனால் அதே மாணவன், "பாற்கடல் பொய்யானால், செங்கடல் பிளந்து வழி விட்டது மட்டும் மெய்யா?" என்று கேட்டிருந்தால்? அங்கே ஞானோபதேசம் வாயை அடைத்திருக்கும். ஆறு நாளில் உலகம் படைக்கப்பட்டது என்பதற்கு விடை ஒன்றே; அதுவும் அச்சிட்ட விடை. பிறர் வீட்டு இருளைக் காட்ட விளக்கேற்றியவர்கள், தம் வீட்டு மூலைக்கு அந்த விளக்கைக் கொண்டுசெல்லவில்லை. பாடத்தைப் பொறுத்தவரை மிஷன் பள்ளி பாதி வழியிலேயே நின்றது என்பதே நம் தீர்ப்பு.

பந்தியிலே மூண்ட போர்

பாடத்தை விட்டுப் பந்திக்கு வருவோம். ஊர்ப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களையும் உபதேசிகளையும் பயிற்றப் பாளையங்கோட்டையிலே விடுதியோடு கூடிய கல்விச்சாலையை ரேனியஸ் நடத்தினார். பல சாதிப் பிள்ளைகள் வந்து சேர்ந்தனர். எல்லாரும் ஒன்றாக உறைய வேண்டும், ஒன்றாக உண்ண வேண்டும் என்பது விதி. எழுந்தது எதிர்ப்பு! மேல்சாதிப் பெற்றோர் சினந்தனர்; மாணவர்களில் சிலர் விலகினர். சிறிது வளைந்து கொடுத்திருந்தால் எண்ணிக்கை பெருகியிருக்கும், பகை குறைந்திருக்கும். ரேனியஸ் வளையவில்லை. ஒரே சோறு, ஒரே வரிசை. விருப்பமில்லாதவர் போகலாம் என்றார்.

இது நடந்தது 1820களில். இனி ஒரு நூற்றாண்டைத் தாண்டுவோம்.

அதே தாமிரபரணிக் கரையில், பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நாள் நடைத் தொலைவில் உள்ள சேரன்மாதேவியில், 1922இல் எழுந்தது குருகுலம். நடத்தியவர் வ.வே.சு. ஐயர். தமிழ்நாட்டுக் காங்கிரசின் பணமும் அதற்குச் சென்றது. தமிழ் உண்டு, தேசிய உணர்ச்சி உண்டு, கைத்தொழில் உண்டு. ஏட்டிலே பார்த்தால் மிஷன் பள்ளியின் வினா-விடைப் பாடத்தைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்த திட்டம். ஆனால் அங்கே பார்ப்பன மாணவர் இருவருக்குத் தனிப் பந்தி! ஐயர் தாம் எல்லாரோடும் உண்டார் என்பர்; இருக்கலாம். அந்த இருவரின் பெற்றோர் கேட்டதற்கு இணங்கினார் என்பர், அதுவும் இருக்கலாம். கேள்வி அதுவன்று. இரண்டே இலைகள் தனியே விரிக்கப்பட்டபோது, எஞ்சிய மாணவர் அனைவருக்கும் அன்றாடம் இரண்டு வேளை ஒரு பாடம் நடத்தப்பட்டதே, அந்தப் பாடம் எந்தத் திட்டத்தில் எழுதப்பட்டிருந்தது?

வரதராசலு நாயுடு எதிர்த்தார், பெரியார் எதிர்த்தார். தமிழ்நாடெங்கும் தீ பரவியது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறியதற்கு வகுப்புவாரி உரிமைத் தீர்மானம் உடனடிக் காரணம். அந்த உள்ளக் கொதிப்புக்கு முன்பே விறகு அடுக்கியது சேரன்மாதேவிச் சமையற்கட்டு.

இரு பள்ளிகளையும் எதிரெதிரே வையுங்கள். ஒன்றில் பாடம் குறுகியது, பந்தி விரிந்தது. மற்றொன்றில் பாடம் விரிந்தது, பந்தி குறுகியது. மாணவன் ஏட்டில் படித்ததை மறப்பான். இலை எங்கே போடப்பட்டது என்பதை மறக்கமாட்டான்.

சுவரும் உண்டு

இதைக் கேட்டுக் கிறித்தவத் தோழர்கள் மார்தட்ட வேண்டியதில்லை. ரேனியஸ் ஒருவரின் உறுதியே கிறித்தவத்தின் வரலாறு ஆகிவிடாது. சபைக்குள்ளே சாதி கூடாது என்று ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் 1833இல் கட்டளையிட வேண்டியிருந்தது என்றால், அதுவரை அங்கே சாதி சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது என்பதுதானே பொருள்! தஞ்சையிலே பெரும்புலவர் வேதநாயக சாஸ்திரியார் போன்றோரே சாதி வழக்கத்தை விட மறுத்து வாதாடினர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலிலோ, 1872இல் எழுந்த கட்டடமே வேளாளருக்கு ஒரு புறமும் நாடாருக்கு மறுபுறமுமாகப் பிரிந்து நின்றது. நடுவே இருந்த சுவர் 1910இல்தான் இடிந்தது; அதுவும் வழக்குமன்றம் வரை இழுபட்டது. ஒரே கடவுள், ஒரே பலிபீடம், இடையே சுவர்! மதம் மாறினால் சாதி மறையும் என்று நம்புவோர், அந்தச் சுவர் நின்ற ஆண்டுகளை எண்ணிப் பார்க்கட்டும்.

பரிசோதகர் வந்தார்

பாடம் மாறியதற்கும் ஒரு கதை உண்டு. 1854இல் சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்ற ஏற்பாடு பிறந்தது. பணம் வந்தால் கூடவே பரிசோதகர் வருவார் அல்லவா? வந்தார். அவர் தேர்வு செய்தது ஞானோபதேசத்தை அன்று. வாசிப்பை, எழுத்தை, கணக்கை. மதப் பாடம் காலை நேரத்துக்கு ஒதுங்கியது. பொதுப் பாடம் பகலை நிரப்பியது. தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற விதி வந்ததும் புதுக் கேடும் வந்தது. வாத்தியார் அறிவை வளர்ப்பதை விட்டுத் தேர்ச்சியை வளர்த்தார். மனப்பாடம் மறுபடியும் அரியணை ஏறியது. அந்த விதி பின்னர் நீங்கியது. அந்த நோய் நீங்கியதா என்பதை இன்று தேர்வுக்குப் படிக்கும் மாணவரே சொல்லட்டும்.

மொழியும் மாறியது. ரேனியஸ் தமிழில் கற்பித்த சீமையிலேயே, சாயர்புரத்தில் 1842 முதல் ஜி.யு. போப் நடத்திய கல்விச்சாலையில் இலத்தீனும் கிரேக்கமும் எபிரேயமும் நுழைந்தன. அதே போப் பின்னாளில் 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்தார் என்பதையும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் 1857இல் சென்னைப் பல்கலைக் கழகம் எழுந்த பின், உயர்நிலை வகுப்பின் வாயில் ஆங்கிலத்தின் கையில் சிக்கியது. தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழிலே பூமி சாஸ்திரம் சொல்லித் தந்த காலம் போய், தமிழாசிரியர் கடைசி நாற்காலியில் அமரும் காலம் வந்தது.

எனினும் ஒன்றை மறுக்க முடியாது. 1895இல் பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் பெண்கள் கல்லூரி எழுந்தது. செவி கேளாத பிள்ளைகளுக்கும் கண் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் அதே ஊரில் அந்த நூற்றாண்டின் இறுதியில் பள்ளிகள் தோன்றின. "முன்வினைப் பயன்" என்று ஊர் கைவிட்ட குழந்தைகளைப் பள்ளிப் பிள்ளைகள் என்று அழைத்தது, எந்தத் தத்துவ நூலும் செய்யாத மறுப்பு.

மிட்டாயும் கட்டுப்பாடும்

இந்தப் பழங்கதை இன்று எதற்கு? 2022 செப்டம்பரில், இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் அருகே ஒரு சிற்றூரிலே, மிட்டாய் வாங்கப் போன பள்ளிப் பிள்ளைகளிடம், "ஊரிலே கட்டுப்பாடு, உங்களுக்குத் தரமாட்டேன்" என்று கடைக்காரர் சொன்னதை நாடே கண்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த ஒரு மாணவனை உடன் படித்த மாணவரே வீடு புகுந்து வெட்டினர். பள்ளிகளில் சாதியை ஒழிக்க வழிகாண நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழுவை அரசு அமைக்க வேண்டிவந்தது. 2024இல் அந்தக் குழு தந்த அறிக்கை, மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிற்றையும் தடுக்கச் சொன்னது. ரேனியஸ் ஒரே வரிசையில் இலை போட்டு இருநூறு ஆண்டுகள் ஆகின்றன!

அந்த மாணவர்களின் பாடநூலிலும் "தீண்டாமை ஒரு பெருங்குற்றம்" என்று அச்சாகித்தான் இருந்தது. அச்சிட்டவர் தம் கடமையைச் செய்தார். ஆனால் அந்த வரி ஏட்டில் இருந்தது. எதிர்ப்பாடம் தெருவில் இருந்தது, கடையில் இருந்தது, கையில் கட்டிய கயிற்றில் இருந்தது. ஏடு ஒன்றைச் சொல்ல, பள்ளியைச் சுற்றியுள்ள உலகம் வேறொன்றைச் சொன்னால், பிள்ளை எதை நம்பும்?

அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு, அரசு மானியம் பெறும் பள்ளியில் எவரையும் இசைவின்றி மதபோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். ஆனால் சாதிபோதனைக்கு இசைவு கேட்பவர் யார்? அதற்கு மணியடிப்பதில்லை, பாடவேளை இல்லை, தேர்வு இல்லை. அதனால்தான் அதில் தோற்பவரும் இல்லை.

எனவே இளைஞர்களே, உங்கள் ஊர்ப் பள்ளி கிறித்தவர் நடத்துவதாயினும், இந்துக்கள் நடத்துவதாயினும், அரசே நடத்துவதாயினும், தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு திரும்பிவிடாதீர்கள். பகலுணவு நேரத்தில் போங்கள். யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார், வகுப்பறையைக் கூட்டும் வேலை யாருக்கு வருகிறது என்று பாருங்கள். காலையுணவைச் சமைத்தவரின் சாதியைச் சொல்லித் தட்டைத் தள்ளும் பெற்றோர் இருந்தால், அந்த வீட்டுக்கு நடந்துபோய் வாதாடுங்கள். முடிந்தால் மறுநாள் நீங்களும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அந்த வரிசையிலே உட்காருங்கள்.