நடுக்குவாதமும் நரம்பு நூலும்

யாழ்ப்பாணத்து அரசர் காலத்தில் தோன்றிய வைத்திய நூல்கள் இரண்டு, அவ்வரசர் பெயர்களையே தாங்கி நிற்கின்றன. ஒன்று செகராசசேகரம்; மற்றது பரராசசேகரம். பின்னதை ஏழாலை ஐ. பொன்னையா இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அச்சேற்றினார். கை நடுங்கினும், கால் இழுப்பினும், வாய் கோணினும், நாட்டு வைத்தியர் அவற்றையெல்லாம் வாதம் என்னும் ஒரே குடும்பத்துள் அடக்கினர். வாதநோய் எண்பது என்பது மரபு. நடுக்குவாதமும் அவற்றுள் ஒன்று. இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் முறையன்று. கண்ணாற் கண்ட குறிகளைக் கொண்டு வகுத்த வகுப்பு அது. கபாலத்தினுள்ளே நிகழ்வதைக் காணும் வழி அவர்களுக்கு இருக்கவில்லை.

அவ்வழியைத் தமிழில் திறந்தவர் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மாணவரைச் சேர்த்து மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். லண்டனில் 1858இல் வெளிவந்த கிறேயின் உடற்கூற்று நூல், 1872இல் மனுஷ அங்காதிபாதம் என்னும் பெயருடன் தமிழுருப் பெற்றது. மூளையும் முண்ணாணும் அவற்றினின்று கிளைக்கும் நரம்புகளும் தமிழ் எழுத்தில் விரிந்தன. தமிழ்ச் சொல் கிடைத்தவிடத்து அதனையே ஆண்டனர், கிடையாதவிடத்து வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லுக்கே தமிழ் உடை. இரசாயன நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்ட துணிவு சிறிதன்று!

ஆயினும் அந்நரம்புகள் தேய்ந்தழியும் நோய்கள் அப்பொழுது முற்றாகத் தெளியப்படவில்லை. நடுக்குவாதத்தின் குறிகளை லண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இலேயே எழுதியிருந்தார். கை ஓய்ந்திருக்கும்போதே, குளிகை உருட்டுவதுபோல விரல்கள் நடுங்கும், அடி குறுகும், நாளடைவில் எழுத்தும் சிறுக்கும். மூளையின் அடியிலுள்ள கருநிறப் பகுதியின் உயிரணுக்கள் அழிவதே காரணமென்பது இருபதாம் நூற்றாண்டில்தான் புலனாயிற்று. பாரிசவாதம் ஒரு பொழுதில் வீழ்த்தும். இந்நோயோ ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வரும். இயக்க நரம்பணு நோயில் தசைகள் மெலிந்து, பேச்சும் விழுங்குதலும் தளரினும், அறிவு பெரும்பாலும் தெளிந்தேயிருக்கும்.

மறதி நோயின் வரலாறு வேறு. ஐம்பதைக் கடந்த சில காலத்துள் நினைவிழந்து, 1906இல் இறந்த ஒரு பெண்ணின் மூளையை ஜெர்மானியரான அல்சைமர் நுணுக்குக்காட்டியில் நோக்கினார். அசாதாரணப் படிவுகளையும் முறுகிய நார்களையும் கண்டார். அப்பெண் முதுமகளல்லள் என்பதே இங்கு பெரிது. பழக்கமான ஒழுங்கையில் வழி தவறும் தந்தையை, உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்கும் தாயை, 'வயது போய்விட்டது' என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். பிடிவாதமென்று கடிந்துகொள்வோரும் உளர். அங்கே இருப்பது குணக்கேடன்று, நோய்.

நடுக்குவாதத்துக்கான மருந்தின் கதையில் ஒரு தமிழ்நாட்டுப் பக்கமும் உண்டு. பூனைக்காலி என்பது வேலியிற் படர்ந்து, காயின் சுணை பட்டாற் சொறி தரும் கொடி. அதன் வித்தினை நாட்டு வைத்தியர் நெடுங்காலமாக ஆண்டு வந்தனர். அவ்வித்திலிருந்து எல்-டோபா என்னும் பொருளை 1937இல் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாமோதரனும் இராமசாமியும் பிரித்தெடுத்தனர். நடுக்குவாதத்துக்கும் அப்பொருளுக்கும் உள்ள தொடர்பு அன்று எவருக்கும் தெரியாது. 1960களில்தான் அது மருந்தாயிற்று. உயிரணுக்களின் தேய்வை அது நிறுத்துவதில்லை. இறுகிய கையைத் தளர்த்தி, நின்றுபோன நடையைச் சில ஆண்டுகளுக்கேனும் மீட்டுத் தருகின்றது.