மணல் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு கூடாரம்

நம் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருந்த நாட்களில், ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பார்க்க வந்தவர்கள் உங்களில் பலர். தளம் போட்டாகிவிட்டதா, நம் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்திருப்பீர்கள். மணல் குவியலுக்குப் பக்கத்தில் சேலைத் தூளியில் கிடந்த குழந்தையை நானும் பார்த்தேன். அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

1969ல் தில்லியில் ஒருவருக்குத் தோன்றியது. காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்காக ராஜ்காட் அருகே கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே போன இந்தி எழுத்தாளர் மீரா மகாதேவன், சித்தாள் வேலை பார்த்த தாய்மாரின் குழந்தைகள் புழுதியில் கிடப்பதைக் கண்டார். (காந்தியின் பெயரால் எழும்பிய கட்டடம் என்பது இன்றும் உறுத்துகிறது.) அங்கேயே ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பு அப்படித்தான் பிறந்தது.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. கட்டடம் முடிந்தால் தொழிலாளிகள் அடுத்த இடத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். காப்பகமும் கூடவே போக வேண்டும். கைக்குழந்தைகளுக்கு ஓரிடம், மூன்று வயதுக்கு மேல் பால்வாடி, அதற்கும் பெரியவர்களுக்குப் படிப்பு என்று வைத்தார்கள். பெரியவர்கள் எதற்கு என்கிறீர்களா? தம்பியை இடுப்பில் சுமக்கும் எட்டு வயது அக்காவும் குழந்தைதானே! தம்பியைக் காப்பகம் வாங்கிக்கொண்டால்தான் அவள் கைக்கு சிலேட்டு வரும்.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இன்று நாடெங்கும் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள், கட்டணம் கிடையாது. பெரிய சாதனைதான். ஆனால் மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குப் பெரும்பாலும் சத்துமாவு வீட்டுக்கு வரும்; அம்மா வேலை முடித்து வரும்வரை அதைத் தூக்கிவைத்துக்கொள்ள ஆள் இருக்காது.

கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996ல் வந்த சட்டம், 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை தரவேண்டும் என்றது. நாற்பது பேர் என்றால் கட்டாயமில்லை. அப்பாக்கள் கணக்கிலேயே வரவில்லை. மகப்பேறு சட்டத்தின் 2017 திருத்தம் அந்தப் பிழையைச் செய்யவில்லை: ஆணோ பெண்ணோ, ஊழியர் 50 பேர் இருந்தால் காப்பகம் வேண்டும். உங்களில் சிலருடைய அலுவலகத்தில் இருப்பது அதன் பயனாகத்தான் இருக்கும்.

அடுத்த காலாண்டில் நம் வெளிச்சுவர்ப் பூச்சு வேலை தொடங்குகிறது. பத்துப் பன்னிரண்டு சித்தாள்கள் வருவார்கள். எந்தச் சட்டமும் நம்மைக் கேட்காது. பி பிளாக் தரைத்தளத்தில் உடைந்த நாற்காலிகள் அடைந்து கிடக்கும் அறையை அந்த மாதங்களுக்குக் குழந்தைகளுக்கு விடலாம் என்று செயற்குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மின்விசிறி ஓடுகிறது, குழாயும் கழிப்பறையும் பக்கத்திலேயே. பார்த்துக்கொள்பவருக்குச் சம்பளம் எங்கிருந்து என்பதுதான் பாக்கி. பொதுக்குழுவில் அது ஐந்தாவது பொருளாக வருகிறது. தேநீருக்கு முன்பே எழுந்து போய்விடாதீர்கள்.