பைக்காரா மின்சாரமும் கொங்கு நாட்டுக் கிணறுகளும்

உதகமண்டலத்திலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் பைக்காரா ஆறு குறுக்கிடுகிறது. முக்குருத்திச் சிகரத்தின் பக்கம் பிறந்து, சோலைக் காடுகளும் புல்வெளிகளும் தேக்கி வைத்த மழைநீரைச் சேர்த்துக்கொண்டு வடக்கு நோக்கி ஓடி, மலை விளிம்பில் இறங்கி, மோயாறு என்னும் பெயர் பெற்றுப் பவானியில் கலக்கிறது. நீலகிரியின் தொல்குடியினராகிய தோடர்களுக்கு இது புனித ஆறு. அருவியைக் காணவும் படகில் உலாவவும் இன்று பலர் இங்கு வருகின்றனர். ஆயினும் நம் நாட்டுப் பொருளாதார வரலாற்றில் இவ்வாற்றுக்கு உள்ள இடத்தை அறிந்தவர் சிலரே. பொருளை வாங்குவோர் இன்னார் எனத் தெரியாதபோது ஒரு பெருந்தொழிலில் முதலீடு செய்வது எங்ஙனம், அதன் இடரைத் தாங்க வேண்டியவர் யார் என்னும் வினாக்களுக்குப் பைக்காரா தரும் விடையை மாணவர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுப்பது பைக்காராவில் தொடங்கியதன்று. 1902-ஆம் ஆண்டிலேயே மைசூர் அரசு சிவசமுத்திரத்தில் காவிரியின் வீழ்ச்சியைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கிற்று. அம்மின்சாரம் 90 மைல் கடந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்குச் சென்றது. அடுத்த சில ஆண்டுகளில் நீலகிரியிலேயே காட்டேரி நீரைக் கொண்டு அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மின்சாரம் எடுத்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்றொரு கோடியில் டாட்டா நிறுவனத்தார் இந்தியப் பங்குதாரர்களின் முதலைத் திரட்டி, 1915-இல் கோப்போலி நிலையத்திலிருந்து பம்பாய்ப் பஞ்சாலைகளுக்கு மின்சாரம் வழங்கினர். இம்மூன்று முயற்சிகளுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. அணை கட்டுமுன்னரே வாங்குவோர் காத்திருந்தனர். ஓரிடத்தில் சுரங்கம், ஓரிடத்தில் தொழிற்சாலை, ஓரிடத்தில் ஆலைகள். இடர் இருந்தது, ஆனால் அது பெரும்பாலும் பொறியியலைச் சார்ந்த இடர், சந்தையைச் சார்ந்ததன்று.

பைக்காராவின் நிலை வேறு. சென்னை மாகாணத்தின் மேற்குப் பகுதியில் அத்தகைய பெரிய வாடிக்கையாளர் எவரும் இலர். கோயமுத்தூரில் பஞ்சாலைகள் சிலவே இருந்தன. மலைமேல் தேயிலைத் தொழிற்சாலைகள் சிறியனவாய்ச் சிதறிக் கிடந்தன. மற்றவை கிராமங்கள். அங்கே மண்ணெண்ணெய் விளக்கே மிகுதி. நிலக்கரியோ மாகாணத்தில் அந்நாளில் வெட்டி எடுக்கப்படவில்லை, நெடுந்தொலைவிலிருந்து வரவேண்டும். ஆதலின் மின்சாரம் வேண்டுமாயின் நீரையே நம்பவேண்டும். நீரை நம்பினாலோ, பெரும்பொருள் செலவிட்டு அணையும் குழாயும் கம்பியும் அமைத்தபின் வாங்குவோரைத் தேடவேண்டும். இத்தகைய முதலீட்டில் தனி முதலாளி இறங்கத் தயங்குவது இயல்பே. 1923 முதல் 1928 வரை ஆளுநரின் நிருவாக சபையில் சட்ட உறுப்பினராயிருந்த சி. பி. இராமசாமி ஐயர் இத்திட்டத்தை வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர். 1927-இல் மின்சாரத்துக்கெனத் தனித் துறை ஏற்பட்டது. ஹென்றி ஹோவர்டு அதன் தலைமைப் பொறியாளரானார். பைக்காரா வேலை 1929-இல் தொடங்கிற்று. அவ்வாண்டின் இறுதியில் உலகப் பொருளாதார மந்தம் தலைகாட்டியது. விளைபொருள்களின் விலை சரிந்த அக்காலத்திலேயே வேலை நடந்து, 1932-இல் மின்சாரம் பிறந்தது. இடரைத் தாங்கியது பொதுப்பணம் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இனி, இத்திட்டத்தின் பொறியியலைச் சிறிது காண்போம். பைக்காராவின் நீர் அளவில் பெரிதன்று, வீழ்ச்சியே பெரிது. கிளென்மார்கனிலிருந்து இரும்புக் குழாய்களின் வழியே 3,000 அடிக்கு மேல் செங்குத்தாக இறங்கி, மலையின் வடக்கு அடிவாரத்திலுள்ள சிங்காரா மின்நிலையத்தை நீர் அடைகிறது. அந்நாளில் உலகின் மிக உயர்ந்த வீழ்ச்சிகளைப் பயன்படுத்திய நிலையங்களுள் இதுவும் ஒன்று. அடிவாரமோ யானைகளும் மலேரியாக் காய்ச்சலும் மிகுந்த காடு. குழாயின் அடியில் நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு. இவ்வளவு வேகமாகப் பாயும் நீரைப் பழைய நீர்ச்சக்கரங்கள் தாங்கமாட்டா. தங்கம் தேடிக் கலிபோர்னியாவுக்குச் சென்ற லெஸ்டர் பெல்டன் என்பவர் சுரங்கத் தொழிலாளர்க்கெனச் சக்கரம் ஒன்றை அமைத்து, 1880-இல் காப்புரிமை பெற்றார். அதன் விளிம்பில் இரட்டைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். நீர்த்தாரை இரு கிண்ணங்களின் நடுவிலுள்ள மேட்டில் மோதி, இரண்டாகப் பிரிந்து, வளைந்து திரும்பும்போது தன் வேகம் முழுவதையும் ஏறக்குறையச் சக்கரத்துக்கே தந்துவிடும். தங்கச் சுரங்கத்தில் பிறந்த அச்சக்கரமே சிங்காராவின் மின்னாக்கிகளைச் சுழற்றிற்று.

மின்சாரம் கோயமுத்தூரை அடைந்ததும், இல்லாதிருந்த சந்தை உருவாகத் தொடங்கியது. விலைவீழ்ச்சியால் நிலத்திலும் கடன் கொடுப்பதிலும் பணத்தை முடக்க அஞ்சியவர்கள் அதனை ஆலைகளில் இட்டனர். பெரிய கொதிகலனும் புகைபோக்கியும் தேவையில்லாமற் போனதால் சிறு முதலுடையோரும் ஆலை தொடங்க முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் ஆலைகள் பெருகின. தேவை வளரவே, சிங்காராவில் மேலும் இயந்திரங்கள் சேர்க்கப்பட்டன. 1938-இல் முக்குருத்தி அணை எழுந்தது. 1952-இல் சிங்காராவில் பயன்பட்டு வெளிவந்த அதே நீரை மோயாறு நிலையம் மீண்டும் பயன்படுத்திற்று.

எனினும் ஆலைகளைவிட எனக்கு வியப்பாய்த் தோன்றுவது கிணறுகளின் கதை. கொங்கு நாடு மழை குறைந்த நாடு. பாறையைக் குடைந்து ஆழமான கிணறு வெட்டி, கவலை பூட்டி, எருதுகள் சரிவில் இறங்க இறங்கத் தோற்சால் மேலேறி வர, அந்நீரைக் கொண்டே உழவர் பயிர் செய்தனர். ஓர் இணை எருது நாளெல்லாம் உழைத்தாலும் இறைக்கும் நீருக்கு எல்லை உண்டு. மின்கம்பி கிராமத்தை எட்டியதும் உழவர் மோட்டாரை நாடினர். பம்பு நீரை உறிஞ்சும் உயரம் இயற்கையிலேயே 30 அடிக்கு உட்பட்டது; காற்றின் அழுத்தம் அதற்கு மேல் நீரைத் தூக்காது. ஆதலின் ஆழ்கிணறுகளில் மோட்டாரையும் பம்பையும் கிணற்றுக்குள்ளேயே இறக்கி அமைத்தனர். புகை கக்கும் எண்ணெய் இயந்திரத்தைவிட மின்மோட்டார் அவ்விடத்துக்குப் பொருத்தமாயிற்று.

தொடக்கத்தில் மோட்டார்கள் கடல் கடந்து வந்தன. பழுதானால் உதிரிப்பொருளுக்குக் காத்திருக்க வேண்டும், பயிரோ காத்திராது. இத்தேவையே கோயமுத்தூர்ப் பட்டறைகளைப் பொருள் செய்யத் தூண்டிற்று. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் பீளமேட்டில் மின்மோட்டார் செய்தனர். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மோட்டார் என அது போற்றப்படுகிறது. 1926-இல் நிறுவப்பட்ட பி. எஸ். ஜி. அறநிலையத்தின் தொழிற்கூடம் கைத்தொழில் அறிந்த இளைஞர்களை உருவாக்கிற்று. பழுது பார்த்தவர் வார்ப்படம் செய்தார். வார்ப்படம் செய்தவர் பம்பு செய்தார். இவ்வாறு வளர்ந்த தொழிலால் கோயமுத்தூர் இந்தியாவின் பம்புத் தொழிலுக்குத் தலைநகராயிற்று. 1929-இல் இத்தொழிலை யாரும் கணக்கில் எழுதியிருக்க இயலாது. அணைக்கு இட்ட முதலின் பயன் அணையின் வரவுப் புத்தகத்தோடு நின்றுவிடவில்லை.

இங்கே ஒரு சிறு கணக்கு. மலையிலிருந்து ஒரு குடம் நீர் 3,000 அடி விழுகிறது. கிணற்றின் ஆழம் 100 அடி என்க. வழியில் இயந்திரத்திலும் கம்பியிலும் மோட்டாரிலுமாகப் பாதி ஆற்றல் வீணானாலும், விழுந்த ஒரு குடம் கிணற்றிலிருந்து 15 குடம் நீரை மேலேற்ற வல்லது. நீரைக் கொண்டே நீரை எடுத்த இவ்வித்தைதான் கொங்கு நாட்டை மாற்றியது.

ஆனால் அதே கணக்கு எச்சரிக்கையும் செய்கிறது. மோட்டார்கள் பெருகப் பெருக நிலத்தடி நீர் கீழே இறங்கிற்று. திறந்த கிணற்றின் அடியில் ஆழ்துளை இட்டனர். நீரில் மூழ்கியிருந்து இயங்கும் மோட்டார்கள் வந்தன. கோவை வட்டாரத்தில் இன்று 1,000 அடிக்குக் கீழும் துளையிடுகின்றனர். அவ்வாழத்திலிருந்தாயின் அதே ஒரு குடம் ஒன்றரைக் குடத்தையே மேலேற்றும். 15 ஒன்றரையானது மலையின் குறையன்று. நம் கிணற்றின் குறை. மழை பொய்த்துக் கடன்பட்ட உழவரின் துயர் கருதி, 1984-இல் சிறு உழவருக்கும் 1990-இல் உழவர் அனைவருக்கும் தமிழக அரசு மின்சாரத்தை விலையின்றி வழங்கிற்று. அதனால் பல குடும்பங்கள் பிழைத்தன, இதனை மறுப்பதற்கில்லை. ஆனால் மின்சாரத்துக்கு விலையில்லாதபோது, குறைந்த மின்சாரத்தில் மிகுந்த நீர் இறைக்கும் பம்பைக் கூடுதல் விலை கொடுத்து வாங்க உழவருக்குக் காரணமில்லை. ஆகவே அதனைச் செய்யத் தொழிலாளிக்கும் ஊக்கமில்லை. ஒரு காலத்தில் தேவை புதுமையைப் பெற்றது. பின்னர் தேவை மறைய, புதுமையும் மந்தமாயிற்று.

ஆகவே பைக்காராவின் பாடம் இரு கூறுகளை உடையது. சந்தை பிறக்குமுன் முதலிட வேண்டிய துறைகள் உண்டு. அங்கே முதல் இடரைப் பொதுச் சமுதாயமே தாங்க வேண்டும். தாங்கினால் ஆயிரம் பட்டறைகள் தாமாகவே முளைக்கும். இது முதற்கூறு. முளைத்த தொழில் எதனை உண்டு வளர்கிறது என்பதையும் அச்சமுதாயமே எண்ணிக் காக்க வேண்டும். இது இரண்டாவது. 2005-இல் பைக்காராவின் இறுதிக் கட்டமாக 150 மெகாவாட் நிலையம் நிலத்தடியில் இயங்கத் தொடங்கிற்று. மலை தரக்கூடியதை ஏறக்குறைய முழுமையாகத் தந்துவிட்டது. இனி முதலிட வேண்டிய இடம் சமவெளி. ஏரியைத் தூர் வாருதல், மழைநீரை நிலத்துக்குள் செலுத்துதல், சொட்டு நீரில் பயிர் செய்தல், சிக்கனமான பம்புகளை ஆக்குதல் ஆகியவற்றுக்கு இன்று கைந்நிறையப் பணத்தோடு காத்திருக்கும் வாடிக்கையாளர் இலர். 1929-இல் பைக்காராவுக்கும் இலர். அந்நாளில் துணிந்தவர்கள் அதனைத் தடையாகக் கொள்ளவில்லை. பொறியியல் பயிலும் மாணவரும் பொருளியல் பயிலும் மாணவரும் ஒன்றுகூடிச் சிந்திக்க வேண்டிய பொருள் இது.