இசைத்தட்டுக் கலைஞனும் அவன் கருவிகளும்

பாடவும் தெரியாமல், வாத்தியம் வாசிக்கவும் தெரியாமல், பிறர் பாடிப் பதிவு செய்த இசைத்தட்டுகளை மட்டுமே கொண்டு ஒருவன் இசைக் கலைஞன் ஆக முடியுமா? அறுபது ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு கேட்டிருந்தால் பலரும் நகைத்திருப்பர். இன்றோ டி.ஜே. என்ற பெயரை அறியாத நகரம் இல்லை. மும்பை, பெங்களூரு, தில்லி, கொல்கத்தா என நம்மவர் குடியேறி வாழும் ஊர்களிலெல்லாம், திருமண வரவேற்பு மேடையின் ஓரத்தில் கருவிப் பலகை ஒன்றின் முன் ஓர் இளைஞன் நிற்பதைக் காண்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அக்கலையைப் பயில விழைகின்றனர். விழைவு தோன்றிய மறுகணமே, 'எந்தக் கருவியை வாங்குவது?' என்ற கேள்வியும் உடன் தோன்றுகிறது. இதற்குக் கடைக்காரர் ஒரு விடை கூறுவார். அக்கலையின் வரலாறு வேறொரு விடை கூறும். வரலாறு கூறும் விடையை நாம் இங்கே ஆராய்வோம்.

டிஸ்க் ஜாக்கி என்ற பெயரின் சுருக்கமே டி.ஜே. டிஸ்க் என்பது இசைத்தட்டு. ஜாக்கி என்பவன் பந்தயக் குதிரையைச் செலுத்துபவன். இப்பெயர் நடனக்கூடத்தில் பிறந்ததன்று. வானொலி நிலையத்தோடு பிறந்தது. 1935ஆம் ஆண்டில் நியூயார்க் நகரின் வானொலி நிலையம் ஒன்றில் மார்ட்டின் பிளாக் என்பார் அறிவிப்பாளராக இருந்தார். அமெரிக்காவையே உலுக்கிய ஒரு குழந்தைக் கடத்தல் வழக்கின் விசாரணைச் செய்திகளை அந்நிலையம் ஒலிபரப்பி வந்தது. ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையே வீணாகும் நேரத்தை நிரப்ப அவர் இசைத்தட்டுகளை வைத்தார். அதனோடு நில்லாமல், பெரிய நடனக்கூடம் ஒன்றிலிருந்து இசைக்குழுக்களை நேரே அறிமுகம் செய்வது போலப் பாவனையும் செய்தார். நேயர்கள் அந்தப் பாவனையில் மகிழ்ந்தனர். இசைத்தட்டைத் தேர்ந்தெடுப்பவனுக்கும் தனி ஆளுமை உண்டு என்பது அன்று உறுதியாயிற்று.

வானொலிக்காரர்களுக்கு ஒலிபரப்பின் நடுவே மௌனம் விழுவது பெருங்குறை. ஆகவே அவர்கள் இரண்டு சுழல்மேடைகளை அருகருகே வைத்துக்கொண்டனர். டர்ன்டேபிள் என்று இன்று வழங்குவது இதுவே. ஒன்றில் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் அடுத்த பாட்டின் தொடக்கத்தில் முள்ளை நிறுத்துவர். தட்டின் அடியில் வழுவழுப்பான கம்பளத்துணி இருக்கும். மேடை கீழே சுழன்றுகொண்டிருக்க, விரல் நுனியால் தட்டை மட்டும் பிடித்திருப்பர். உரிய நொடியில் விரலை எடுத்தால் பாட்டு இமைப்பொழுதில் முழு வேகத்துடன் தொடங்கிவிடும். இந்த எளிய விரல் வித்தையே பின்னர் வளர்ந்த கலை அனைத்துக்கும் வித்து. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிரான்சிஸ் கிராஸோ என்பவர் இதனை நியூயார்க் நடனக்கூடத்துக்குள் கொண்டு சென்றார். பழைய தேவாலயம் ஒன்றில் நடைபெற்ற 'சாங்ச்சுவரி' என்ற கூடத்தில், ஒரு பாட்டின் தாள அடிகளோடு அடுத்த பாட்டின் அடிகளைப் பொருத்தி, இரண்டையும் சிறிது நேரம் ஒருங்கே ஒலிக்கச் செய்தார். ஆடுவோரின் கால்கள் நிற்கவே இல்லை.

ஆனால், இக்கலையை உலகக் கலையாக ஆக்கியவர்களுக்கு நடனக்கூடமும் இல்லை. நல்ல கருவியும் இல்லை. நியூயார்க்கின் வடபகுதியான பிராங்க்ஸ், அக்காலத்தில் சிதைந்துகொண்டிருந்த நகர்ப்புறம். 1948 முதல் 1972 வரை அதன் நடுவே வெட்டப்பட்ட பெருஞ்சாலை பல்லாயிரம் மக்களின் குடியிருப்புகளைப் பிளந்தது. வசதி படைத்தோர் வெளியேறினர். எஞ்சியோரில் பலர் கறுப்பினத்தவர். பலர் கரீபியத் தீவுகளிலிருந்து பிழைப்பு நாடி வந்தவர். அவ்வாறு வந்த குடும்பம் ஒன்றின் மகன்தான் கிளைவ் காம்பெல். 1955இல் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து, 1967இல் பிராங்க்ஸ் வந்து சேர்ந்தவர். 'கூல் ஹெர்க்' என்ற பெயரால் உலகம் அவரை அறியும்.

ஊர்விட்டு ஊர் செல்பவன் பெட்டியில் துணிமணி மட்டும் எடுத்துச் செல்வதில்லை. தன் ஊரின் பழக்கம் ஒன்றையும் கொண்டு செல்கிறான். இவ்வுண்மை நம்மில் யாருக்குத்தான் தெரியாது? கிங்ஸ்டன் தெருக்களில் 1950களிலிருந்தே 'சவுண்ட் சிஸ்டம்' எனப்பட்ட ஒலிபெருக்கிக் குழுக்கள் திறந்தவெளியில் நடன விருந்துகளை நடத்தி வந்தன. டியூக் ரீட், காக்ஸன் டாட் முதலியோர் அவற்றின் தலைவர்கள். எவரிடம் பேரொலி உண்டு, எவரிடம் பிறரிடம் இல்லாத தட்டு உண்டு என்பதே போட்டி. எதிரணியினர் பாட்டின் பெயரை அறியாதிருக்கத் தட்டின் நடுவிலுள்ள பெயர்ச்சீட்டை அழித்துவிடுவர். ஹெர்க்கும் பின்னாளில் தம் தட்டுகளை நீரில் ஊறவைத்துப் பெயர்ச்சீட்டுகளை உரித்தெடுத்தார். அவருடைய தந்தை ஓர் இசைக்குழுவுக்காக ஒலிபெருக்கித் தொகுதி ஒன்றை வாங்கி வைத்திருந்தார். அதன் முழு வலிமையும் வெளிப்படவில்லை. மகன் கம்பிகளை வேறு முறையில் இணைத்துப் பார்த்து, அதனை முழங்கச் செய்தார். புதிதாக ஒன்றும் வாங்கவில்லை, இருந்ததைப் புரிந்துகொண்டார். இதை நாம் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

1973ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள், செட்ஜ்விக் அவென்யூ 1520 எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் பொதுக்கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. பள்ளி திறக்குமுன் புதிய உடைகள் வாங்கப் பணம் சேர்க்க எண்ணி ஹெர்க்கின் தங்கை சிண்டி அதனை ஏற்பாடு செய்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். ஹிப்-ஹாப் என்னும் இசைப் பண்பாட்டின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படுவது அந்த நாளே. ஹெர்க் தம் விருந்துகளில் ஒன்றைக் கவனித்தார். பாட்டு முழுவதும் ஒலிக்கும்போது சிலர் ஆடினர். குரலும் பிற வாத்தியங்களும் அடங்கித் தோற்கருவிகள் மட்டும் முழங்கும் சிறு பகுதி வந்ததும் அனைவரும் துள்ளி எழுந்தனர். அப்பகுதியோ சில நொடிகளில் முடிந்துவிடும். ஆகவே அவர் ஒரே இசைத்தட்டில் இரண்டு படிகளை வாங்கி, ஒன்றில் அத்தாளத் துண்டு முடிந்ததும் மற்றொன்றில் அதனையே தொடங்கி, மாறி மாறி நீட்டினார். கூட்டத்தைக் கூர்ந்து பார்த்ததன் பயனே இப்புதுமை.

எனினும், ஹெர்க்கின் முறையில் ஒரு குறை இருந்தது. முள்ளைக் கண்ணளவில் வைத்ததால் அடிகள் பல சமயம் பொருந்தவில்லை. அக்குறையைக் கண்டவர் மற்றொரு குடியேறிய குடும்பத்தின் பிள்ளை. 1958இல் பார்படோஸ் தீவில் பிறந்த ஜோசப் சாட்லர். புகழ்ப்பெயர் 'கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்'. வீட்டிலுள்ள மின்கருவிகளையெல்லாம் பிரித்துப் போட்டு வசவு வாங்கிய சிறுவன் அவர். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் பயின்றவர். கைவிடப்பட்ட கார்களிலிருந்தும் குப்பையிலிருந்தும் எடுத்த உறுப்புகளே அவருடைய முதல் மூலதனம்.

ஃபிளாஷ் தேடியவை மூன்று. முதலாவது, நிறுத்திய தட்டு மீண்டும் முழு வேகம் பெற எவ்வளவு நேரமாகிறது என்பது. மெல்லிய பெல்ட்டால் சுழலும் வீட்டுக் கருவிகள் பல, கை பட்டதும் தளர்ந்துவிடும். விடுவித்த பின்னும் முக்கி முனகி எழும். உடனே எழும் மோட்டாரை அவர் பல கருவிகளில் சோதித்துத் தேடினார். இரண்டாவது, தட்டின் கீழ் வழுக்கும் துணி. ரப்பர் விரிப்பு தட்டைப் பற்றிக்கொள்வதால், கம்பளத்துணியை வட்டமாக வெட்டிக் கஞ்சி ஏற்றி விறைப்பாக்கி அவரே செய்துகொண்டார். மூன்றாவது, கூட்டத்துக்குக் கேட்குமுன் அடுத்த தட்டைத் தம் காதுக்கு மட்டும் கேட்கச் செய்யும் வசதி. பணம் படைத்த கூடங்களின் மிக்ஸர்களில் அஃது இருந்தது; அவரிடம் இல்லை. ஒரு சிறிய மின்சுவிட்சை வாங்கித் தம் மிக்ஸரில் ஒட்டி, ஹெட்போனுக்கு வழி செய்தார். பிறகு, கடிகார முட்கள் போலத் தட்டின் பெயர்ச்சீட்டில் வண்ணக் கோலால் கோடிட்டு, தாளத் துண்டு தொடங்கும் இடத்தைக் குறித்தார். நீண்ட இசைத்தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 நொடி ஆகும். 10 நொடித் துண்டுக்குத் தட்டு ஐந்தரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுழலும். அத்தனை சுற்றைப் பின்னோக்கித் திருப்பிவிட்டால் துண்டின் தலை மீண்டும் முள்ளின் கீழ் வந்து நிற்கும். முள்ளைத் தூக்க வேண்டியதே இல்லை.

இத்துணை நுட்பத்தையும் அவர் முதன்முதலில் மக்கள் முன் காட்டியபோது நிகழ்ந்தது யாது? எவரும் ஆடவில்லை. வித்தை பார்ப்பவர்போல் நின்று பார்த்தனர். ஃபிளாஷ் மனமுடைந்து போனார். பின்னரே, மக்களை உற்சாகப்படுத்த ஒலிவாங்கியின் முன் நின்று பேசும் தோழர்களைத் துணை சேர்த்தார். கருவியும் கையும் மட்டும் போதா; எதிரே நிற்பவரின் மனமும் வேண்டும் என்ற பாடம் இக்கலையின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

அக்காலத்தில் ஜப்பானில் மட்சுஷிட்டா நிறுவனம், பெல்ட் இன்றி மோட்டாரே மேடையை நேராகச் சுழற்றும் கருவியை உருவாக்கியிருந்தது. 1972இல் அந்நிறுவனம் டெக்னிக்ஸ் என்ற பெயரில் எஸ்.எல்.-1200 கருவியை வெளியிட்டது. வீட்டில் அமைதியாக அமர்ந்து இசை கேட்பவருக்காகச் செய்யப்பட்ட கருவி அது. வாங்கியவர்கள் அதனை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதை நிறுவனம் கவனித்தது. அதன் பின் வந்த இரண்டாம் வடிவத்தில், வேகத்தை எட்டு விழுக்காடு வரை கூட்டவும் குறைக்கவும் உதவும் நீண்ட நகர்த்தி அமைக்கப்பட்டது. அவ்வடிவமே பல பத்தாண்டுகள் உலகெங்கும் நடனக்கூடங்களை ஆண்டது. 2010இல் உற்பத்தி நின்றது; விரும்பியோர் விடவில்லை; 2016இல் மீண்டும் தொடங்கியது. ஆக, கருவி கலையைப் படைக்கவில்லை. கலையே கருவியைத் தனக்கேற்பத் திருத்திக்கொண்டது.

பின்னர் வந்த மாறுதல்களைச் சுருக்கமாகவே கூறலாம். 2001இல் பயனியர் நிறுவனத்தின் சி.டி.ஜே.-1000 கருவி, குறுந்தகட்டையும் கையால் தடவி இயக்கும் வழியைத் தந்தது. அதன் பின் கணினி வந்தது. தட்டே இல்லாமல் இரு சிறு சக்கரங்களும் நகர்த்திகளும் மட்டும் கொண்ட கன்ட்ரோலர் என்ற பெட்டி வந்தது. இரு பாட்டுகளின் வேகத்தைத் தானே பொருத்தும் பொத்தானும் வந்துவிட்டது. அப்படியாயின் பயில என்ன இருக்கிறது என்று சிலர் வினவுவர். பொத்தான் அடியைப் பொருத்தும். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு வரவேண்டும் என்பதை அது அறியாது. கூட்டம் களைத்திருக்கிறதா, காத்திருக்கிறதா என்பதையும் அறியாது.

ஆகவே, தொடங்குவோருக்கு வரலாறு தரும் அறிவுரை இதுவே. மிருதங்கம் பயில்பவன் முதலில் சொற்கட்டைக் கையால் தாளமிட்டு வாயால் சொல்லிப் பழகுவது போல, முதலில் எண்ணப் பழகுங்கள். நடன இசையில் பெரும்பாலும் நான்கு அடி ஒரு கட்டம். எட்டுக் கட்டம் சேர்ந்தால் 32 அடி. அங்கேதான் பாட்டு திரும்பும். அங்கேதான் அடுத்த பாட்டு நுழைய இடமுண்டு. நிமிடத்துக்கு 120 அடி உள்ள பாட்டையும் 124 அடி உள்ள பாட்டையும் அப்படியே சேர்த்து ஓட்டினால், 15 நொடியில் ஓர் அடி விலகிவிடும். முதலாவதன் வேகத்தை மூன்றேகால் விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூட்டினால் இரண்டும் இணையும். இதனைப் பொத்தான் இன்றிக் காதால் கண்டுபிடிக்கச் சில மாதங்கள் முயலுங்கள், செவி திறக்கும்.

கருவி வாங்கும்போது ஃபிளாஷ் தேடிய மூன்றையே நீங்களும் தேடுங்கள். சிறிய கன்ட்ரோலராயினும் ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்கும் வசதி உண்டா என்று முதலில் பாருங்கள். அஃது இல்லாத பெட்டி விளையாட்டுப் பொருளே. வேகம் மாற்றும் நகர்த்தி கைக்கு இசைந்து, நுட்பமாக நகர்கிறதா என்று பாருங்கள். சுழல்மேடையே வேண்டுமெனில், நேரடி மோட்டார் உடையதை நாடுங்கள். தட்டை விரலால் நிறுத்தி விடுவித்து, உடனே எழுகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். வெளியோசையைத் தடுக்கும் நல்ல ஹெட்போனுக்குப் பணம் செலவிடத் தயங்காதீர்கள். பெரிய ஒலிபெருக்கியைக் கடைசியாக வாங்கலாம். அடுக்குமாடி வீட்டில் அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காமல் பயில அதுவே வழி. விளக்குகளும் வண்ணப் பொத்தான்களும் விலையைக் கூட்டுமேயன்றி வித்தையைக் கூட்டா.

அந்நிய நகரில் கையில் பணமின்றி வளர்ந்த இரு குடும்பங்களின் பிள்ளைகள், பழைய கம்பியையும் துணியையும் சுவிட்சையும் கொண்டு ஒரு கலையை நிலைநாட்டினர். அவர்களிடம் இருந்த செல்வம் இரண்டு: தம் மக்கள் எதற்கு மகிழ்வர் என்ற அறிவு; கிடைத்த கருவியை இறுதிவரை புரிந்துகொள்ளும் பொறுமை. இவ்விரண்டும் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை. ஆதலின், உங்கள் பிள்ளை கருவி கேட்கும்போது, விலைப்பட்டியலைக் கையில் எடுக்குமுன், அவனை அருகில் அமர்த்தி ஒரு பாட்டைப் போட்டு, அதன் அடிகளை எண்ணச் சொல்லுங்கள். 32 அடி தவறாமல் எண்ணி, அடுத்த பாட்டு எங்கே நுழையலாம் என்று அவன் விரல் நீட்டிக் காட்டுவானாயின், தயக்கமின்றி வாங்கிக் கொடுங்கள்.