பத்து வருடம் கைக்கு அகப்படாத பாக்டீரியா

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். நம் மசாலாவில் சேரும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். அந்தக் குடித்தனத்தில் பாக்டீரியாக்களும் ஒட்டியிருக்கின்றன. அவை யாரென்று கண்டுபிடிப்பதில்தான் தொல்லை. பாக்டீரியாவை அடையாளம் காண எல்லோரும் படிப்பது 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணுவை. பாசியின் பசுங்கணிகத்திலும் அதே வகை மரபணு உண்டு. லைக்கனை அரைத்து டிஎன்ஏ எடுத்தால் அந்தப் பிரதிகளே குவிந்து மற்றவற்றை மறைத்துவிடும்.

டியூக் பல்கலைக்கழகத்தின் பிரெண்டன் ஹாட்கின்சனும் பிரான்சுவா லுட்சோனியும் பசுங்கணிகப் பிரதிகளை ஒதுக்கிவிட்டுத் தேடினார்கள். தெரிந்த எந்தக் கிளையிலும் ஒட்டாத ஒரு கிளை தட்டுப்பட்டது. ரைசோபியேல்ஸ் வரிசை என்பது மட்டும் தெளிவு. 2009-இல் அதை எல்ஏஆர்1 என்ற குறியீட்டோடு வெளியிட்டார்கள்.

அந்த வரிசையின் பெயரே எதிர்பார்ப்பைக் கிளப்பியது. உளுந்துச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சின்னச் சின்ன முண்டுகள் தெரியும். அதற்குள் இருந்துகொண்டு காற்றின் நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தரும் ரைசோபிய வகைப் பாக்டீரியாக்களும் இந்த வரிசைதான். வெறும் பாறையில் பிழைக்கும் லைக்கனுக்கு எல்ஏஆர்1-உம் அப்படி உதவுகிறதோ என்று நினைக்க இடமிருந்தது. ஆனால் கையில் இருந்தவை மரபணு எழுத்துகள் மட்டுமே. இரண்டு நாடுகளின் சேமிப்பகங்களிலாவது உயிருள்ள வளர்ப்பை ஒப்படைத்தால்தான் அன்று பாக்டீரியாவுக்கு முறைப்படி பெயர் சூட்ட முடிந்தது.

அந்த உயிர் அண்டார்டிகாவின் சோரோமா லைக்கனிலிருந்து கிடைத்தது. கொரியத் துருவ ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்த்தெடுத்த அது இளஞ்சிவப்பு நிறம், கோல் வடிவம், நகராத இயல்பு கொண்டது. 16எஸ் மரபணுவைப் படித்தால், அதே எல்ஏஆர்1! முழு மரபணுத் தொகுதிகளை ஒப்பிடும்போது ஒற்றுமை ஏறத்தாழ 95 சதவீதத்துக்குக் கீழே போனால் வேறு இனம் என்பது வழக்கம். இதுவோ அறிந்த உறவுகளோடு அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. புதிய இனம் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாமல், 2019-இல் பேரினமும் குடும்பமும்கூடப் புதிதாக அமைத்தார்கள். லைக்கனிஹேபிடன்ஸ் சோரோமாட்டிஸ் என்று பெயரிட்டார்கள்.

வளர்ப்பு கையில் இருந்ததால் மரபணுத் தொகுதி முழுவதையும் படிக்க முடிந்தது. நைட்ரஜனை நிலைநிறுத்தும் மரபணுக்கள் அதில் இல்லை. பத்தாண்டு ஊகம், இந்த இனத்தைப் பொறுத்தவரை, அங்கேயே முடிந்தது. இந்தப் பதில் 16எஸ் மரபணுவின் எழுத்துகளிலிருந்து மட்டும் வந்திருக்காது. அதனால்தான் பெயரைவிட அந்த வளர்ப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது. அது உண்பது சர்க்கரைகளையும் சர்க்கரை ஆல்கஹால்களையும். பல லைக்கன்களில் பச்சைப்பாசி பூஞ்சைக்குக் கொடுக்கும் சாப்பாடும் சர்க்கரை ஆல்கஹால்தான். அந்தப் பந்தியில் இதற்கும் பங்கு உண்டா, உண்டென்றால் பதிலுக்கு என்ன தருகிறது என்பதே இனி கேட்கவேண்டிய கேள்வி.