சென்னையின் பெயர் தாங்கிய கண்ணோய்

மார்கழி மாதத்து அதிகாலையில் குகட்பள்ளிச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்லப்போவது எளிதில் விளங்கும். மும்பை நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மெல்லிய பனி, அதனூடே புழுதி. இருசக்கர வண்டிகளில் ஹைடெக் நகரத்து அலுவலகங்களை நோக்கி விரைவோர், கண்களைச் சுருக்கிக்கொண்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டும் செல்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய நம்மவருக்கு இந்தக் குளிர் புதிது. சென்னையில் குளிர்காலம் என்பது மழைக்காலத்தின் ஈரமான கடைப்பகுதிதான். தக்காணப் பீடபூமியிலோ மழை ஓய்ந்தபின் வரும் காற்று வறண்டது. அது கண்ணைப் போர்த்தியிருக்கும் நீர்ப்படலத்தை விரைவில் உலர்த்திவிடுகிறது. மாலைக்குள் மணல் விழுந்ததுபோல் கண் உறுத்துகிறது; சிவக்கிறது.

சிவந்த கண்ணோடு அலுவலகத்துக்குள் நுழைந்தால் நடப்பதென்ன? “மெட்ராஸ் ஐயா?” என்று கேட்டு, பக்கத்தில் இருப்பவர் நாற்காலியை நகர்த்திக்கொள்கிறார். தெலுங்கில் இந்நோய்க்குக் ‘கண்ட்லகலக’ என்ற சொந்தப் பெயர் உண்டு. ஆயினும் சிவந்த கண்ணுக்கு உரியவர் தமிழராக இருந்துவிட்டால், ‘உங்கள் ஊர்ச் சரக்கு’ என்ற கேலியும் கூடவே வந்துவிடுகிறது. நாமும் சிரித்துக்கொண்டே அதை ஏற்றுக்கொள்கிறோம். அந்தப் பெயர் வந்த வரலாற்றை அறிந்தால் நாணுவதற்கு இடமில்லை என்பது நம் கருத்து.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1819-ஆம் ஆண்டில் சென்னை இராயப்பேட்டையில் கண் நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையை நிறுவினர். ரிச்சர்ட்சன் என்ற மருத்துவர் அதன் பொறுப்பை ஏற்றார். இலண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனை தோன்றிப் பதினான்கு, பதினைந்து ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஆசியாவில் இதற்கு மூத்த கண் மருத்துவமனை கிடையாது. 1884-இல் அது எழும்பூருக்கு மாறியது. இந்த நூற்றாண்டிலும் அங்கேதான் இருந்துவருகிறது.

அங்கே பணியாற்றியவர்களுள் இராபர்ட் ஹென்றி எலியட் என்பவரைத் தனியே குறிப்பிட வேண்டும். கண்ணின் உள்ளழுத்தம் மிகுந்து பார்வையைப் பறிக்கும் நோய்க்கு, வெண்விழியின் ஓரத்தில் நுண்ணிய துளையிட்டு நீரை வடியவிடும் முறையை அவர் 1909-இல் வெளியிட்டார். உலகெங்கும் அதைப் பின்பற்றினர். ஊர் ஊராகத் திரிந்து, கண்புரையை ஊசியால் உள்ளே தள்ளிவிட்டுக் கூலி வாங்கிச் சென்ற நாட்டு வைத்தியர்களால் கெட்டுப்போன கண்களை ஆராய்ந்து ஒரு நூலும் எழுதினார். அவர் பெயரால் அங்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு.

இனி நம் நோய்க்கு வருவோம். 1918-ஐ ஒட்டிச் சென்னையில் கண்ணோய் ஒன்று கொள்ளைநோய்போல் பரவியது. ‘மெட்ராஸ் ஐ’ என்ற பெயருக்கு அதுவே தொடக்கம் என்று சொல்வது வழக்கம். எலியட்டுக்குப் பின் வந்த கிர்க்பாட்ரிக் என்பவர், கருவிழியில் புள்ளிகள் தோன்றும் அத்தகைய கொள்ளைநோய் ஒன்றைப் பற்றி 1920-இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார். அதே மருத்துவமனையைச் சேர்ந்த ரைட் 1930-இல் மேலும் விரிவாக எழுதினார். இந்தப் புள்ளிகளே கவனிக்கத்தக்கவை. சிவப்பு ஓரிரு வாரங்களில் மறைந்துவிடும். சிலருக்குப் புள்ளிகள் மட்டும் மாதக்கணக்கில் தங்கிப் பார்வையை மங்கச் செய்யும்.

நோய் சென்னையில்தான் பிறந்ததா? இல்லை. 1889-லேயே வியன்னாவில் ஃபுக்ஸ் என்ற பேரறிஞர் இத்தகைய கருவிழிப் புள்ளிகளை விவரித்திருந்தார். 1901-இல் பம்பாயிலிருந்து ஹெர்பர்ட் எழுதினார். உற்றுநோக்கவும் எழுதிவைக்கவும் ஒரு மருத்துவமனை சென்னையில் இருந்தது. அதனால் பெயர் சென்னையில் ஒட்டிக்கொண்டது என்றே நாம் கருதுகிறோம்.

பெயர் சூட்டும் இந்த வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941, 1942-ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த கப்பல் கட்டும் துறைகளில் இந்நோய் பரவியது. அங்கே அதற்குக் ‘கப்பல்துறைக் கண்’ என்று பெயர். கண்ணில் விழுந்த இரும்புத் துகளை எடுத்துக்கொள்ள மருத்துவ அறைக்குச் சென்ற தொழிலாளி, அங்கே மருத்துவர் கையிலிருந்தும் கருவியிலிருந்தும் நோயை வாங்கிக்கொண்டு திரும்பினான் என்பது வேடிக்கையான உண்மை. வேறொரு கிருமியால் வரும் இரத்தச் சிவப்புக் கண்ணோய் 1969-இல் ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் தோன்றியபோது, மனிதன் நிலவில் இறங்கிய ஆண்டாதலால் ‘அப்பல்லோ நோய்’ என்றனர். அதுவே 1971-இல் அகதிகள் வந்து குவிந்த கல்கத்தாவில் ‘ஜெய் பங்களா’ ஆயிற்று. வீடிழந்து வந்தவன் தலையில் நோயின் பெயரையும் ஏற்றிவைத்தார்கள்! இதை எண்ணும்போது நம்மீது வரும் கேலி சிறியதே.

சென்னைக் கண்ணோய்க்கு மூலமான வைரஸ் இனம் 1953-இல்தான் பிரித்தறியப்பட்டது. 1955-இல் ஜாவெட்ஸ் என்பார் கருவிழியைத் தாக்கும் வகையைக் கண்டறிந்தார். இந்த அடினோ வைரஸ் நோயாளியைப் பார்ப்பதால் தொற்றாது. கை, துண்டு, தலையணை, கதவின் கைப்பிடி ஆகியவற்றின் வழியே செல்கிறது. உலர்ந்த பரப்பிலும் பல நாள் உயிர்த்திருக்கிறது. கறுப்புக் கண்ணாடி கூச்சத்தைத் தணிக்குமேயன்றித் தொற்றைத் தடுக்காது.

குளிர்கால வறட்சிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. வறட்சியில் இரு கண்களும் சேர்ந்து உறுத்தும், பீளை மிகாது, கண்ணை அடிக்கடி இமைத்தால் சற்றே ஆறும். தொற்றுநோய் பெரும்பாலும் ஒரு கண்ணில் தொடங்கி மறு கண்ணுக்குச் செல்லும். காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். முன்னதற்கு வண்டி ஓட்டுகையில் காற்றை மறைக்கும் கண்ணாடியும், மருத்துவர் தரும் செயற்கைக் கண்ணீரும் உதவும். பின்னதற்கு ஓய்வும் தனித் துண்டும் வேண்டும். கடைக்காரரைக் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து இரண்டுக்கும் ஆகாது. சிவப்பை அது விரைவில் அடக்குவதால் மக்களுக்கு அதன்மேல் நம்பிக்கை மிகுதி; ஆனால் கிருமியை நீடிக்கச் செய்யவும், கண்ணின் அழுத்தத்தை உயர்த்தவும் வல்லது. வலி மிகுந்தாலும், வெளிச்சம் பொறுக்காவிட்டாலும், பார்வை மங்கினாலும் ஒருநாளும் தாமதித்தல் கூடாது.

மருத்துவரைத் தேட ஐதராபாத்தில் அலைய வேண்டியதில்லை. மெஹ்திப்பட்டணத்தில் அரசின் சரோஜினி தேவி கண் மருத்துவமனை உள்ளது. பஞ்சாரா மலையில் குல்லபள்ளி நாகேஸ்வர ராவ் நிறுவி, 1987-இல் பணி தொடங்கிய எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம் உள்ளது. இந்தப் பிரசாத் நமக்கு அயலார் அல்லர். 1931-இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ என்ற முதல் தமிழ்ப் பேசும்படத்தில் நடித்தவர்; 1954-இல் ‘மனோகரா’வை இயக்கியவர்; சென்னையில் படப்பிடிப்பு நிலையம் கண்டவர். அவர் குடும்பத்தார் அளித்த ஐந்து ஏக்கர் நிலமும் ஒரு கோடி ரூபாயும் அந்நிலையத்துக்கு அடித்தளமாயின. சென்னையில் ஈட்டிய பொருள் ஐதராபாத்தில் கண்ணொளியாயிற்று என்று சொன்னால் பிழையாகாது.

பொங்கலுக்கு ஊர் செல்லும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியில் படுக்கையும் போர்வையும் பலர் கைபட்டவை. கண் சிவந்திருப்பின் பயணத்தைச் சில நாள் தள்ளிவைப்பது வீட்டிலுள்ள முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நல்லது. சென்னை சேர்ந்தபின் சிவந்தாலோ கலங்க வேண்டாம்; 1819-இல் தோன்றிய அந்த மருத்துவமனை எழும்பூர் இரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது.