ஒர்க்கர் பிராசஸ் எண்ணிக்கைக் கட்டுப்பாடு

சர்வருக்கு வரும் கோரிக்கைகளின் அளவைப் பொறுத்து, பின்னணியில் அவற்றைக் கையாளும் ஒர்க்கர் பிராசஸ்களைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் முறை. 1995இல் வெளிவந்த அப்பாச்சி வெப் சர்வரின் 'பிரீஃபோர்க்' அமைப்பு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

இதில் தாய் பிராசஸ் ஒன்று, சேய் பிராசஸ்களை முன்கூட்டியே உருவாக்கித் தயாராக வைத்திருக்கும். ஒவ்வொரு சேயும் ஒரு நேரத்தில் ஓர் இணைப்பை மட்டுமே கவனிக்கும். இயல்பு அமைப்பில், வேலையின்றி இருப்பவை 5க்குக் கீழே போனால் புதியவை தொடங்கப்படும்: முதலில் 1, அடுத்த நொடி 2, பிறகு 4 என இரட்டித்து, நொடிக்கு 32 வரை. வேலையற்றவை 10ஐத் தாண்டினால் உபரி படிப்படியாக நிறுத்தப்படும். மொத்த உச்சவரம்பு 256. அதை எட்டிய பின் வரும் இணைப்புகள் வரிசையில் காத்திருக்கும்.

உச்சவரம்பை நினைவகத்தின் அளவைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். ஒரு பிராசஸுக்கு 50 எம்.பி. தேவை, சர்வருக்கு ஒதுக்கியது 4,000 எம்.பி. என்றால், 80க்கு மேல் வைக்கக் கூடாது. மீறினால் நினைவகத்தில் உள்ளவை வட்டுக்கு மாற்றப்பட்டு, எல்லாக் கோரிக்கைகளும் தாமதமாகும்; பயனர்கள் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்க முயல, சுமை மேலும் ஏறும்.